பழைய ஏர்கானை மாற்றலாமா? முதலில் ஒரு கணக்குப் போடுங்கள்

ஏர்கான் சர்வீஸ் செய்ய வந்தவர் ஏணியிலிருந்து இறங்கி, “இது பழசாகிவிட்டது, இனிமேல் செலவு செய்து பயனில்லை, புதுசு போட்டுவிடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். மறுநாள் கைப்பேசியில் ஒரு கொட்டேஷன் வருகிறது. பல ஆயிரம் வெள்ளி. புதியது மின்கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கும், சில ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று அதில் ஒரு வரியும் இருக்கிறது.

அந்த வரி உண்மையா? சில வீடுகளுக்கு உண்மை. சில வீடுகளுக்கு அந்தப் பணம் 14 ஆண்டானாலும் திரும்பாது. உங்கள் வீடு இதில் எந்த வகை என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். மின்மானியும் கொஞ்சம் அறிவியலும் இருந்தால் போதும்.

குளிரை உண்டாக்கும் இயந்திரம் அல்ல

ஏர்கான் குளிர்ச்சியை உற்பத்தி செய்வதாகவே நாம் நினைக்கிறோம். உண்மையில் அது செய்வது சுமைதூக்கி வேலை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. வெள்ளம் புகுந்த அறையிலிருந்து பம்பு வைத்து நீரை வெளியேற்றுவதைப் போன்றது இது.

அறைக்குள் இருக்கும் பெட்டியில் ஒரு செம்புக் குழாய்ச் சுருள் உண்டு. அதற்குள் குளிர்பொருள், அதாவது நாம் ‘கேஸ்’ என்று சொல்வது, குறைந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகிறது. ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தை அது அறைக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியை வெளிப்பெட்டியில் இருக்கும் கம்ப்ரசர் அழுத்துகிறது. அழுத்தம் ஏறினால் வெப்பநிலையும் ஏறும். வெளிக்காற்றைவிடச் சூடாகிவிட்ட அந்த ஆவி, வெளிப்பெட்டியின் சுருளில் தன் வெப்பத்தை இழந்து மீண்டும் திரவமாகிறது. பிறகு குறுகிய வழி ஒன்றின் ஊடே அழுத்தம் குறைந்து உள்ளே திரும்புகிறது. வெளிப்பெட்டி அனல் காற்றை ஊதுவது இதனால்தான்.

மின்சாரத்தின் பெரும்பகுதி கம்ப்ரசரை ஓட்டவே செலவாகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு எத்தனை யூனிட் வெப்பத்தை வெளியே தள்ள முடிகிறது என்பதுதான் இயந்திரத்தின் திறமை. பழைய, சரியாகப் பராமரிக்கப்படாத ஏர்கான் ஒன்றால் இரண்டரை யூனிட் தள்ள முடியலாம். இன்றைய நல்ல ஏர்கான் ஐந்து யூனிட் அல்லது அதற்கு மேலும் தள்ளும். சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டிலிருந்து ஏர்கான்களில் ஒட்டப்படும் ‘டிக்’ முத்திரைகளும், மலேசியாவில் நாம் காணும் நட்சத்திர முத்திரைகளும் இந்தத் திறமையைத்தான் எண்ணிச் சொல்கின்றன.

புதியது ஏன் குறைவாகச் சாப்பிடுகிறது?

இரண்டு காரணங்கள் முக்கியமானவை.

முதலாவது இன்வர்ட்டர். பழைய வகைக் கம்ப்ரசருக்கு இரண்டே நிலைதான்: முழு வேகம் அல்லது நிறுத்தம். அறை குளிர்ந்ததும் நிற்கும், சூடானதும் மறுபடி முழு மூச்சில் ஓடும். இன்வர்ட்டர் கம்ப்ரசர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். நள்ளிரவுக்குப் பிறகு, அறை குளிர்ந்து கிடக்கும்போது, அது மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். மெதுவாக ஓடும்போது அதே சுருள்கள் குறைந்த வெப்பத்தைக் கையாளுகின்றன. அதனால் உள்ளே உள்ள சுருள் தேவைக்கு மேல் குளிர வேண்டியதில்லை. வெளியே உள்ள சுருள் தேவைக்கு மேல் சூடாக வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு குறைவோ, கம்ப்ரசரின் உழைப்பும் அவ்வளவு குறைவு.

இரண்டாவது, சுருள்களின் அளவு. புதிய ஏர்கான்களில் சுருள்களின் பரப்பு பெரிது. பரப்பு கூடினால் வெப்பம் எளிதாகக் கைமாறும். பல ஆண்டு தூசு படிந்த பழைய சுருளில் இது நேர்மாறாக நடக்கிறது. தூசு ஒரு போர்வையாகி வெப்பத்தைத் தடுக்கிறது, கம்ப்ரசர் கூடுதலாக ஓடுகிறது. ஆகவே உங்கள் ஏர்கான் அதிக மின்சாரம் இழுப்பதற்கு வயது காரணமா, அழுக்குக் காரணமா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். அழுக்கு என்றால் நன்றாகக் கழுவினாலே ஒரு பகுதி திறமை திரும்பிவிடும்.

உங்கள் வீட்டுக் கணக்கு

இப்போது எண்களுக்கு வருவோம். ஒரு படுக்கையறையில் இரவு எட்டு மணி நேரம் ஏர்கான் ஓடுகிறது. அந்த நேரத்தில் அது 12 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் தூங்கும் இருவரின் உடலிலிருந்து வருவது சுமார் 1.2 யூனிட்தான். மீதி பெரும்பாலும் பகல் வெயிலில் சூடேறிய சுவரிலிருந்தும், இடுக்குகள் வழியே நுழையும் ஈரக் காற்றிலிருந்தும் வருகிறது.

இரண்டரை மடங்கு திறமை கொண்ட பழைய ஏர்கானுக்கு இந்த வேலைக்கு 4.8 யூனிட் மின்சாரம் வேண்டும். ஐந்து மடங்கு திறமை கொண்ட புதியதற்கு 2.4 யூனிட் போதும். மிச்சம் 2.4 யூனிட். சிங்கப்பூரில் ஒரு யூனிட் 30 காசு என்று கொண்டால் ஓர் இரவுக்கு 72 காசு. ஆண்டு முழுவதும் ஒவ்வோர் இரவும் ஓடினால் ஏறத்தாழ 260 வெள்ளி மிச்சம்.

மூன்று அறைகளுக்கான ஏர்கானை மாற்ற, எல்லாம் சேர்த்து 3,600 வெள்ளி கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வோம்.

மூன்று அறைகளிலும் ஒவ்வோர் இரவும் ஓடும் வீட்டில் ஆண்டுக்கு மிச்சம் 780 வெள்ளி. ஐந்து ஆண்டு முடிவதற்குள் பணம் திரும்பிவிடும். இங்கே மாற்றுவது நல்ல முடிவு.

மூன்று அறைகளில் ஓர் அறையில் மட்டும் ஓடும் வீட்டில் மிச்சம் 260 வெள்ளிதான். பணம் திரும்ப ஏறத்தாழ 14 ஆண்டு ஆகும். அதற்குள் புதியதும் பழையதாகியிருக்கும்.

அதே ஓர் அறையில் வாரம் மூன்று இரவு மட்டும் ஓடினால் ஆண்டு மிச்சம் 112 வெள்ளி. பிள்ளைகள் திருமணமாகிப் போய், பெரியவர்கள் இருவர் மட்டும் மின்விசிறியிலேயே பெரும்பாலும் காலம் கழிக்கும் வீட்டில் மின்கட்டணத்தைக் காரணம் காட்டி ஏர்கானை மாற்றச் சொல்வதில் பொருளே இல்லை.

இன்னொரு வகை வீடும் உண்டு. உங்களிடம் இருப்பது எட்டு ஆண்டுக்கு முன் வாங்கிய நல்ல இன்வர்ட்டர் ஏர்கான், அதன் திறமை நாலரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஓர் இரவுக்கு இழுப்பது 2.7 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. புதியதால் மிச்சமாவது இரவுக்கு 8 காசு, ஆண்டுக்கு ஓர் அறைக்கு 30 வெள்ளிகூட இல்லை. இந்த ஏர்கானுக்குத் தேவை ஒழுங்கான சர்வீஸ்தான்.

உங்கள் வீட்டின் உண்மையான எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. ஓர் இரவு படுக்கும் முன்பும் விழித்த பிறகும் மின்மானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரவு ஏர்கான் ஓடட்டும். இன்னோர் இரவு மின்விசிறியுடன் தூங்கி, மறுபடியும் குறியுங்கள். குளிர்பதனப் பெட்டி போன்றவை இரண்டு இரவும் ஒரேபோல் ஓடுவதால் அவை கழிந்துவிடும். வித்தியாசம்தான் ஏர்கானின் பங்கு. புதிய வகை மின்மானி உள்ள வீடுகளில் எஸ்பி குழுமத்தின் செயலியிலேயே அரை மணிக்கொரு முறை கணக்கைப் பார்க்கலாம். ஓர் அறைக்கு இரவில் மூன்று யூனிட்டுக்கும் குறைவாக வந்தால் அவசரப்பட வேண்டாம். ஐந்து, ஆறு யூனிட் என்று வந்தால் முதலில் சுருளைக் கழுவிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். எண் இறங்காவிட்டால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கொட்டேஷனில் பணம் எங்கே போகிறது?

கடையில் காட்டப்படும் விலை பெரும்பாலும் இயந்திரத்தின் விலை மட்டுமே. பொருத்தும் வேலையில்தான் தரமும் பணமும் ஒளிந்திருக்கின்றன. செம்புக் குழாய், அதைச் சுற்றும் ரப்பர் உறை, நீர் வடியும் குழாய், மின்கம்பி, வெளிப்பெட்டியைத் தாங்கும் சட்டம், எல்லாவற்றையும் மூடும் பிவிசி டிரங்கிங், பழையதைக் கழற்றும் கூலி என ஒவ்வொன்றும் தனிச் செலவு. மிகக் குறைந்த கொட்டேஷன் இவற்றில் ஏதோ ஒன்றைக் குறைத்திருக்கலாம்.

எதில் குறைத்தாலும் ரப்பர் உறையில் குறைக்கக் கூடாது. தே ஓ பிங் குவளையின் வெளிப்பக்கத்தில் நீர் கோத்துக்கொள்வதைத் தினமும் பார்க்கிறோம். நம் காற்றில் ஈரம் அதிகம். பல இரவுகளில், சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அந்த ஈரம் நீராகிவிடும். ஏர்கானின் குளிர்ந்த குழாயோ அதைவிட மிகவும் குளிர்ச்சியானது. உறை தடிமனாக இருந்தால் அதன் வெளிப்பரப்பு அறை வெப்பநிலைக்கு அருகிலேயே இருக்கும், நீர் கோக்காது. உறை மெல்லியதாக இருந்தால் வெளிப்பரப்பும் குளிர்ந்து, சொட்டத் தொடங்கும். உறையின் விலை வித்தியாசம் சிறிது. பொய்க்கூரைக்குள் போகும் குழாய் சொட்டினால், கூரையை உடைத்துப் பழுதுபார்க்கும் செலவு பெரிது. கொட்டேஷனில் உறையின் தடிமனையும் செம்புக் குழாயின் தடிமனையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

“பழைய குழாயையே பயன்படுத்திக்கொள்ளலாம், செலவு மிச்சம்” என்று சிலர் சொல்வார்கள். பழைய ஏர்கான் ஆர்-22 வகைக் கேசில் ஓடியதா என்று கேளுங்கள். இன்றைய ஆர்-32 கேசின் அழுத்தம் ஆர்-22ஐப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு. கம்ப்ரசருக்குள் ஓடும் எண்ணெயும் வேறு வகை. பழைய குழாயில் தங்கிய எண்ணெயும் கசடும் புதிய கம்ப்ரசருக்கு ஆகாது. தடிமன் குறைந்த குழாய் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குமா என்பதும் கேள்வி. உறை ஏற்கெனவே நைந்துபோயிருந்தால் பேச்சே வேண்டாம், குழாயையும் மாற்றிவிடுவது நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழாய்களை இணைத்த பிறகு, கேசைத் திறந்துவிடும் முன், வெற்றிடப் பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். இதற்குச் சற்று நேரமாகும். அவசரத்தில் இதைத் தாண்டிப் போனால், தங்கிவிட்ட ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாக மாறிக் கம்ப்ரசரை உள்ளிருந்தே அரிக்கும். அதன் பலன் அன்று தெரியாது, சில ஆண்டு கழித்துத் தெரியும். “வெற்றிடப் பம்பு போடுவீர்களா?” என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால் போதும், வேலை செய்பவர் கவனமாக இருப்பார்.

“கேஸ் தீர்ந்துவிட்டது”

ஆண்டுதோறும் கேஸ் நிரப்பும் வீடுகள் பல. ஒன்றை நினைவில் வையுங்கள். காருக்குப் பெட்ரோல் போல ஏர்கானுக்குக் கேஸ் எரிபொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அது செலவாவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதைப் போன்றது.

கசிவு குழாய் இணைப்பில் இருந்தால் சரிசெய்வது எளிது. உள்பெட்டிச் சுருளில் இருந்தால் சிக்கல். செம்பில் ‘எறும்புப்புற்று அரிப்பு’ என்றே பெயர் பெற்ற ஒரு வகை அரிப்பு உண்டு. காற்றில் உள்ள சில கரிம அமிலங்கள் ஈரத்தோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கிளைத்த துளைகளைக் குழாயில் உண்டாக்குகின்றன. அப்படிப்பட்ட சுருளை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுவது கடினம்.

கசியும் கேஸ் பணத்தோடு நிற்பதில்லை. ஆர்-22 ஓசோன் படலத்தைச் சிதைக்கும். அதனால் 1987ஆம் ஆண்டின் மொண்ட்ரியால் உடன்படிக்கையின்கீழ் படிப்படியாகக் கைவிடப்படுகிறது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் அதில் ஒரு கிலோ கசிந்தால், புவி வெப்பமாவதைப் பொறுத்தவரை, இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-32இன் தாக்கம் அதில் மூன்றில் ஒரு பங்கு. சிங்கப்பூரில் 2022 அக்டோபர் 1 முதல் தாக்கம் அதிகமான கேசைக் கொண்ட புதிய வீட்டு ஏர்கான்களை விநியோகிக்க அனுமதியில்லை. ஆர்-32 இலேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால், பயிற்சி பெற்றவர்தான் அதைக் கையாள வேண்டும்.

எதற்குப் பழுதுபார்ப்பு, எதற்கு மாற்றம்?

நீர் சொட்டுகிறது என்றால் பெரும்பாலும் வடிகுழாய் அடைப்பு. குளிர் குறைவு, ஆனால் காற்றும் பலவீனம் என்றால் வடிகட்டியும் சுருளும் அழுக்கு. சுருளில் பனிக்கட்டி படிந்தால் காற்றோட்டக் குறைவு அல்லது கேஸ் கசிவு. பழைய வகை வெளிப்பெட்டி முனகிவிட்டு ஓடாமல் நின்றால், அது கப்பாசிட்டர் என்னும் மலிவான பாகமாகவும் இருக்கலாம். இவற்றில் எதுவும் தனித்து ஏர்கானை மாற்றுவதற்குக் காரணமாகாது.

பத்து ஆண்டைத் தாண்டிய ஏர்கானில் கம்ப்ரசர் போய்விட்டால் நிலைமை வேறு. உள்சுருள் கசிந்து, அந்த மாடலுக்குப் பாகம் கிடைக்காவிட்டாலும், ஆர்-22 ஏர்கானில் பெரிய கசிவு ஏற்பட்டாலும் அப்படியே. அப்போது பழுதுபார்க்கும் பணத்தைப் புதியதில் போடுவதே மேல். எப்படியும் செலவழிக்க வேண்டிய அந்தத் தொகையைப் புதியதன் விலையிலிருந்து கழித்துவிட்டு மேலே உள்ள கணக்கைப் போடுங்கள். 3,600 வெள்ளியில் 1,000 வெள்ளி பழுதுச் செலவு கழிந்தால், மிச்சத்தால் ஈடுகட்ட வேண்டியது 2,600 வெள்ளிதான்.

பெரியது நல்லது அல்ல

மாற்றுவது என்று முடிவானால் அடுத்த கேள்வி அளவு. கடைக்காரர் சொல்லும் 9,000 பிடியு என்பது மணிக்கு ஏறத்தாழ 2.6 யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றல். மலேசியக் கடைகளில் இதை ஒரு குதிரைத்திறன் என்பார்கள். சாதாரணப் படுக்கையறைக்கு இது போதும்.

“ஒரு படி பெரியதாகப் போடுங்கள், சீக்கிரம் குளிரும்” என்பது நல்ல யோசனை போலத் தோன்றும். ஆனால் ஏர்கானுக்கு இரண்டு வேலை: வெப்பநிலையைக் குறைப்பது ஒன்று, ஈரத்தைப் பிழிந்தெடுப்பது மற்றொன்று. அளவுக்கு மீறிய ஏர்கான் வெப்பநிலையைச் சட்டென இறக்கிவிட்டு ஓய்ந்துவிடும். ஈரம் அறையிலேயே நிற்கும். உடல் பிசுபிசுக்கும், நீங்கள் இன்னும் குறைப்பீர்கள், மின்சாரம் கூடும்.

ஒரே வெளிப்பெட்டி மூன்று அறைகளுக்கு வேலை செய்யும் அமைப்பிலும் இதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான இரவுகளில் ஓர் அறை மட்டும் ஓடும் வீட்டில் அந்தப் பெரிய கம்ப்ரசர் தன் மிகக் குறைந்த வேகத்திலும் தேவைக்கு மேல் குளிரூட்டக்கூடும். அதனால் அது அடிக்கடி நின்று நின்று ஓடும். வெளிப்பெட்டி வைக்க இடம் இருந்தால், அதிகம் பயன்படும் அறைக்குத் தனி ஏர்கான் போடுவது பற்றியும் கேட்டுப் பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன்

சிங்கப்பூரில் வீவக குடும்பங்களுக்கு 2024ஆம் ஆண்டு முதல் 300 வெள்ளிப் பருவநிலைப் பற்றுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. 2025இல் மேலும் 100 வெள்ளி சேர்ந்தது. தனியார் வீடுகளில் வசிக்கும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும் அந்த ஆண்டு 400 வெள்ளி கிடைத்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏர்கான்களுக்கும் இவை செல்லும். எந்த மாடல் தகுதி பெறுகிறது, உங்கள் பற்றுச்சீட்டில் இருப்பு உள்ளதா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

வீவக வீடுகளில் வெளிப்பெட்டியைப் பொருத்துபவர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். பல மாடி உயரத்தில் தொங்கும் சுமை அது. 1994க்கு முன் கட்டப்பட்ட பல வீடுகளில் முதன்மை மின்விசை 30 ஆம்பியர்தான். உங்கள் வீடு பழையது என்றால், 40 ஆம்பியராக உயர்த்தப்பட்டுவிட்டதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அதுவும் செலவில் சேரும்.

பழைய ஏர்கானையும் மறந்துவிடாதீர்கள். 2021 ஜூலை முதல், புதியதைக் கொண்டுவந்து கொடுக்கும் கடை, கேட்டால் பழையதை இலவசமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கழற்றும் கூலி தனி. கழற்றும்போது கேசைக் காற்றில் திறந்துவிடாமல் கொள்கலனில் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள்.

மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் மூன்று காரியங்கள் கைகொடுக்கும். மேற்கு வெயில் விழும் சன்னலைப் பிற்பகலில் திரையிட்டு மூடுங்கள். வெளிப்பெட்டிக்கு முன்னால் பொருள்களை அடுக்காதீர்கள். அது ஊதிய அனலையே அது மீண்டும் இழுக்கும். 25 டிகிரியில் வைத்துக்கொண்டு மின்விசிறியையும் மெதுவாகச் சுழல விடுங்கள். சில பத்து வாட் மட்டுமே இழுக்கும் மின்விசிறி, உடலுக்கு 23 டிகிரி போன்ற சுகத்தைத் தரும்.

இந்த வாரம் இரண்டு இரவு மின்மானியைக் குறித்துப் பாருங்கள். அடுத்த முறை சர்வீஸ் செய்பவர் ஏணியிலிருந்து இறங்கி அதே வார்த்தையைச் சொன்னால், பதில் சொல்ல உங்கள் கையில் ஓர் எண் இருக்கும்.